ஃபுல்லருக்கு நான் கொடுத்த மூதாதையர்கள்

ஒரு நல்ல மனிதருக்கு மூன்று பொய் மூதாதையர்களை ஏற்பாடு செய்துகொடுத்தவன் நான். இனியும் அதை மறைத்துவைக்க விருப்பமில்லை.

அவரை விருத்தாசலம் முழுக்க ஃபுல்லர் என்றுதான் கூப்பிடும். பீங்கான் பட்டறையில் மண் மிதிப்பதும் சூளை பார்ப்பதும் அவர் வேலை. அவரைப் போல மரியாதை தெரிந்தவர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. பற்றவைக்கும் முன் சூளைக்கே குட் மார்னிங் சொல்வார். பஸ்ஸில் கண்டக்டரிடம் முதலில் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சேத்தியாத்தோப்புக்கு டிக்கெட் கேட்பார். அவருடைய தாத்தா ரயில்வேயில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியருக்குச் சமைத்தவர். ஞானஸ்நானத்தின்போது துரை தன் பெயரையே கொடுத்துவிட்டாராம்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஃபுல்லர் என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெயர் எப்படி வந்தது, அந்தப் பெயரில் பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்களா என்று கேட்டார். நான் முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. கைபேசியில் பார்த்திருக்கலாம்தான். அது அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தது, எழுந்தால் ஃபேன் காற்று போய்விடும். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கப்பற்படைத் தளபதி, ஒரு நீதிபதி, ராணிக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த ஒரு சீமாட்டி என்று மூன்று பேரைப் பெற்றெடுத்தேன். வம்சத்துக்குச் சின்னம் உண்டா என்றார். கப்பலும் கிரீடமும் என்றேன்.

அவர் பட்டறையில் ஒரு வழக்கம். தொழிலாளி வீட்டில் கல்யாணம் என்றால் முதலாளி சூளையில் ஓர் அடுக்கை அவருக்கு விட்டுக்கொடுப்பார். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஃபுல்லர் அதில் முந்நூறு கப் சுட்டார். ஒவ்வொன்றிலும் கப்பல், கிரீடம், கீழே அந்த மூன்று பேரின் பெருமை. எனக்கு விஷயம் தெரிந்தபோது சூளை ஆறிக்கொண்டிருந்தது. காகிதமாக இருந்தால் கிழித்திருக்கலாம்.

விருந்தில் எனக்கு முதல் வரிசையில் இடம். எதிரே மாப்பிள்ளையின் பெரியப்பா, ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். கப்பைப் படித்தார், கைபேசியை எடுத்தார், தேடியதை உரக்க வாசித்தார். ஃபுல்லர் என்றால் அந்தக் காலத்தில் கம்பளித் துணியை மண்ணும் தண்ணீருமாக மிதித்து அழுக்கெடுத்தவர்களாம்.

“தளபதி வூட்டுப் பொண்ணுன்னு நெனச்சிட்டு இருந்தோம் சம்பந்தி. துணி மிதிக்கிறவங்களாமே,” என்றார். பந்தியே சிரித்தது. மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஃபுல்லர் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். “நாந்தாங்க தப்பா விசாரிச்சிட்டேன்,” என்றார்.

நான் கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன். கடைசியில் பட்டறைக்கே போய், ஃபேன் காற்று உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் மண் மிதிப்பதை நிறுத்தவில்லை.

“மண்ணு மிதிக்கிறதுல என்னா சார் வெக்கம்? நானும் அதத்தான பண்றேன். நீங்க நெசத்த சொல்லியிருந்தா அதையே கப்புல போட்டிருப்பேன்.” பிறகு குரல் தாழ்ந்தது. “புள்ளையதான் மாமியார் வூட்டுல தளபதி தளபதின்னு கேலி பண்றாங்களாம். ஒரு வாட்டி வந்து சொல்லிட்டுப் போறீங்களா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் போனோம். பெண்ணின் மாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மன்னிப்புக்கு நீண்ட உரை தயாரித்திருந்தேன். பெரியப்பா இரண்டாம் வரியிலேயே மறித்தார்.

“நீங்க படிச்சவருங்களா?”

“எம்.ஏ.”

“அப்புறம் ஏங்க பொய் சொன்னீங்க?”

“எழுந்துபோய்ப் பார்க்கச் சோம்பேறித்தனம்.”

அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தளபதி என்றால் அது நான்தான். பொங்கலுக்குத் தளபதி வருகிறாரா என்று விசாரிக்கிறார்களாம்.

திரும்பும் பஸ்ஸில் கருவேப்பிலங்குறிச்சி தாண்டியதும் ஃபுல்லர் என் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லக் கேட்டார். “சார், எங்க வூட்டம்மா பக்கம் கார்ட்டர்னு ஒரு பேரு இருக்குது. அது என்னான்னு பாத்துச் சொல்றீங்களா?”

இனிமேலும் என்னிடமா கேட்கிறீர்கள் என்றேன்.

“வேற யார சார் கேப்பேன்?”

இந்த முறை கைபேசி சட்டைப்பையில்தான் இருந்தது, எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளத்தான் கொஞ்ச நேரமாயிற்று.