ஒரு கையில் டீ, மறு கையில் பன்

ஓசூரில் கார் வைத்திருக்கும் எல்லோரும், தங்கள் சொந்த வண்டியைத் தொட்டதற்காக ஒரு தடவையாவது திட்டு வாங்கியிருப்பார்கள். திட்டியவர் ஒரே ஆள்தான். தளி ரோட்டில் தகரக் கூரை போட்ட பெயின்ட் பட்டறை வைத்திருக்கும் 'தொடாதே' அண்ணன்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் தொடாதேதான். காரில் கீறல் விழுந்த இடத்தில் கலர் அடித்த பிறகு, பளபளப்புக்காக அதன் மேல் நிறமே இல்லாத ஒரு பூச்சு அடிப்பார்கள். பட்டறை பாஷையில் அது கிளியர். காய்கிறவரை அதில் விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும். ஆனால் ஈரமாக இருக்கிறது என்று சொன்ன பிறகு தொட்டுப் பார்க்காமல் இருக்கிற மனுஷன் எங்கே இருக்கிறான்? அதனால் அண்ணன் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பார். "தொடாதீங்க சார்! முட்டபேடி! முட்டுக்கோகண்டி!" தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே மூச்சில் வரும். எந்த பாஷைக்காரர் எப்போது கையை நீட்டுவார் என்று யார் கண்டது?

கத்தி அலுத்துப்போய் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கிளியர் அடிக்க ஆரம்பிக்கும் முன் வண்டிக்காரரின் ஒரு கையில் டீ, மறு கையில் பன். தொடுவதற்கு மூன்றாவது கை கிடையாது. டீ தீர்ந்தால் இன்னொரு டீ வரும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பன்னுக்குப் பதில் வெள்ளரிக்காய்.

அப்படியும் ஆபத்து வேறு வழிகளில் வந்தது. வேப்பனப்பள்ளிக்காரர் ஒருவர் மாங்காய் ஏற்றும் டெம்போவுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தார். முடியும் நேரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு ஈர பானெட்டை நோக்கி நடந்தார். அண்ணன் பாய்ந்து அவர் கையைப் பிடித்து, பொட்டை முன் கண்ணாடியில் வைக்கச் செய்தார். இன்னொரு நாள் சர்ச் வேன் வந்தது. பாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஜெபம் பண்ண வேன் மேல் கையை வைக்கப் போனார்.

"ஐயா, ஆசீர்வாதத்த அங்க இருந்தே பண்ணுங்க! ஆண்டவருக்கு எட்டும்!" என்று அண்ணன் அலறினார். பாஸ்டர் சிரித்துக்கொண்டே மூன்றடி பின்னால் போய் நின்று ஜெபம் பண்ணினார்.

இனி என் கதை. என் மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய மெரூன் நிறக் காரைத் தினமும் துடைத்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். ஒரு நாள் அவர் உறவினர் வண்டியில் மாந்தோப்பைப் பார்க்கப் போயிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார். அவரைக் கேட்காமல் காலையில் நான் காரை எடுத்தேன். வீட்டைத் தாண்டவில்லை. கேட் தூணில் பின் கதவை ஒரு சாண் நீளத்துக்கு உரசிவிட்டேன். கல்யாணமாகிப் பத்து வருஷமாக 'மாப்ள பொறுப்பான ஆளு' என்று ஊரெல்லாம் சொல்லிவந்தவர் அவர்.

நேரே தொடாதேயிடம் போய் நின்றேன். தேய்த்து, பட்டி பார்த்து, கலர் அடித்து முடிக்கும்போது மத்தியானம் மணி இரண்டரை. கிளியர் மட்டும் பாக்கி.

"காய சாயங்காலம் ஆறாயிடும் சார்."

"அண்ணே, நாலு மணிக்கு மாமா வந்துடுவாரு. நான் செத்தேன்."

அலமாரியில் ஒரு புது டின் இருந்தது. பெயின்ட் கடைக்காரர் அடித்துப் பார்க்கும்படி கொடுத்த, சீக்கிரம் காயும் கிளியர். பத்தே நிமிஷத்தில் காய்ந்துவிடும் என்று அவர் சத்தியம் செய்தாராம். அண்ணன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஓசூர் குளிர்ல துவச்ச பனியனே ரெண்டு நாள் காயாது. இது பத்து நிமிஷத்துல காயுமா?" என்பது அவர் வாதம். நான் கெஞ்சிய கெஞ்சலில் மனம் இறங்கினார். தூசி கிளம்பாமல் தரையில் தண்ணீர் தெளித்தார். கிளியரை இறுக வைக்கும் ஹார்ட்னரை அளந்து ஊற்றிக் கலக்கினார். என் கையில் டீ, பன் வந்து சேர்ந்தன. ஒரு பூச்சு, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு பூச்சு. கதவு நிலைக்கண்ணாடி மாதிரி மின்னியது.

காய்ந்ததா என்று அவர் ஒரு நாளும் வண்டியைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஓரத்தில் ஒட்டிய டேப்பின் மேல் பட்ட கிளியரைத்தான் தொட்டுப் பார்ப்பார். முப்பது வருஷ வழக்கம். பத்து நிமிஷம் கழித்து டேப்பைத் தொட்டார். விரலில் ஒட்டவில்லை. மறுபடி தொட்டார். ஒட்டவில்லை. முகம் மாறிவிட்டது.

"இருக்காது சார். டேப்பு பொய் சொல்லுது."

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து கதவை முகர்ந்தார். நான் வாயில் பன்னோடு பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தொடாதே அண்ணன் தன் வலது கட்டைவிரலைக் கதவின் நட்டநடுவில் அழுத்தி வைத்தார்.

டேப்பில் பட்டது மெல்லிசுப் பூச்சு, அது காய்ந்திருந்தது. கதவில் இரண்டு பூச்சு. ரேகை, பத்திரத்தில் வைத்த மாதிரி விழுந்தது.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, நானே தொட்டுட்டனே சார்! நல்லா இறுகட்டும், நாளைக்குத் தேச்சி பாலிஷ் போட்டு எடுத்துடறேன்." மணி மூன்றரை. வேறு வழியில்லாமல் ரேகையோடு வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

மாமா வந்தார். வழக்கம்போல ஒரு சுற்று சுற்றினார். பின் கதவருகில் நின்றார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். அவர் நிமிர்ந்து, என் மாமியார் உள்ளே இருக்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, உங்களுக்குப் பன்னு குடுத்தாரா, வெள்ளரிக்காயா?"

"மாமா... உங்களுக்கு எப்படி..."

"தூண்ல மெரூன் கலர் ஒட்டியிருக்கு. போன வருஷம் நான் அதே தூண்ல முன் பம்பர இடிச்சி, அவருகிட்டதான் சரி பண்ணினேன். உங்க அத்தகிட்ட சொல்லிடாதீங்க."

இரண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எனக்கு அவரிடம் இருந்த பயம் அன்றோடு போயிற்று.

அன்று மூன்றரைக்குள் கதவும் காய்ந்துவிட்டதைப் பார்த்த பிறகு, அண்ணன் இப்போது சீக்கிரம் காயும் கிளியரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. ஆனால் டீ, பன் நிற்கவில்லை. நான் அந்தப் பக்கம் போனால் போதும், பாலிஷ் மெஷினோடு ஓடிவருவார். "சார், அந்த ரேகைய எடுத்துடறேன் சார், என் மானம் போகுது!"

நான் கதவை மறைத்துக்கொண்டு மூன்று பாஷையிலும் சொல்வேன். "தொடாதீங்க அண்ணே! முட்டபேடி! முட்டுக்கோகண்டி!" இந்த வண்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான்.