என் தாடையில் இடம் பார்த்த கதை

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை

இடையஞ்சாவடி மச்சான் அசோகன் அவர்களுக்கு, உங்கள் தங்கை பொன்னியின் கணவன் முருகையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நலம், உப்பும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி? போனில் சொன்னால் பாதியில் கட் பண்ணிவிடுவீர்கள் என்பதால் என் எட்டாம் வகுப்புத் தமிழில் எழுதுகிறேன், பொறுத்தருளவும்.

பெண் பார்க்க வந்த அன்று, "பல்லு வந்துடுச்சு, மாப்ள எங்க?" என்று கேட்டீர்களே, அந்தப் பல்லை உள்ளே இழுக்கத்தான் பல் சீரமைப்பில் மேல்படிப்புப் படிக்கும் நம்ம பொண்ணு அஸ்வினி காலேஜுக்கு வரச் சொன்னாள். ஒரு பல் விழுந்து பக்கத்துப் பல் சாய்ந்துபோன பொன்னியையும் கூட்டிப் போனேன். தாடை எலும்பில் அரிசி நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு, அதைப் பிடிமானமாக வைத்துப் பல்லை இழுப்பார்களாம். "ஒரு ஸ்க்ரூ முடுக்க இத்தனை வருஷப் படிப்பாம்மா?" என்றேன். "தரை கெட்டியான்னு மிதிச்சுப் பாக்காம உப்புப் பாத்தியில தண்ணி வுடுவியாப்பா? எலும்பு மெலிசா இருந்தா ஸ்க்ரூ கழண்டுடும், எடம் தப்பினா பல்லு வேர்ல குத்திடும்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். என் பல்லுக்கு அதுவே பெரிய வேலை.

இருவரையும் ஒரு மிஷினில் நிற்கவைத்துத் தலையைச் சுற்றிப் படம் எடுத்தார்கள். மறுநாள் பெரிய டாக்டர் முன்னால் அஸ்வினி அந்தப் படத்தைத் திரையில் போட்டு, வேருக்கு வேர் இத்தனை மில்லிமீட்டர், எலும்பு இத்தனை கனம் என்று அளந்து சொன்னாள். தப்பாகச் சொன்னால் முதல் ஸ்க்ரூவை அவள் கையில் தரமாட்டாராம். அவர் கிட்டப் போய்ப் பாத்துட்டு, "அருமையான எலும்பு, சரியான எடம், நீயே போடும்மா"ன்னுட்டாரு. நான் எழுந்து நின்னு, "மூணு தலைமுறையா உப்பளத்துல மிதிச்ச ஒடம்பு சார், எங்க வம்சமே கெட்டி"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பொன்னி சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சா. பொறாமை மச்சான். உங்க வீட்டுல எல்லாமே மெலிசு, வாயத் தவிர.

வெள்ளிக்கிழமை ஸ்க்ரூ. அடுத்த வருஷம் தீபாவளிக்கு வாருங்கள், பல் தெரியாமல் சிரித்துக் காட்டுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
கெட்டித் தாடை முருகையன்

பி.கு.: தபாலில் போடச் சொல்லிக் கொடுத்ததை அஸ்வினி படித்துவிட்டாள். திரையில் வந்தது உங்கள் தங்கையின் தாடையாம். பேர் இங்கிலீஷில் இருந்தது, நான் என்ன கண்டேன்? என் படம் வந்தப்ப நான் எல்லாருக்கும் டீ சொல்லப் போயிட்டேன். "வேருக்கு நடுவுல எடம் பத்தல சார், எங்க அப்பாவே ஆசப்பட்டாலும் இங்க போடக் கூடாது"ன்னாளாம். அதுக்குத்தான் பெரிய டாக்டர் கையே தட்டினாராம். எனக்கு வேற எடம் தேடுறா. வெள்ளிக்கிழமை ஸ்க்ரூ பொன்னிக்கு. கடுதாசியைக் கிழிச்சிடறேன்னேன். "அப்படியே போவட்டும், எங்க அண்ணன் படிக்கட்டும்"னு உங்க தங்கச்சியே ஸ்டாம்ப் ஒட்டிட்டா.