கழிவு ஒலி, பெட்டி எண் ஒன்பது

அரசு ஒலிக் காப்பகத்தின் முப்பத்தேழு ஊழியர்களுக்கும் ஒரு திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை வந்தது.

"ஊழியர் ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிடித்த பழைய ராக் லைவ் ஆல்பம் ஒன்றை, பிடித்ததற்கான காரணத்துடன், மூன்று பிரதிகளில், வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும். எதுவும் பிடிக்காதவர்கள் மருத்துவச் சான்றிதழ் இணைக்க வேண்டும்."

எல்லாம் புது இயக்குநர் செய்த வேலை. இரண்டு வாரம் ஏதோ பயிற்சிக்குப் போனவர், கோட்டுக்குள்ளே மண்டையோடு போட்ட கறுப்பு டிஷர்ட்டோடு திரும்பி வந்தார். ஃபைலை இடுப்பில் சாய்த்து, கிட்டார் மாதிரி ரெண்டு தரம் மீட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஒரே வாரத்தில் ஆபீஸ் முழுக்க அந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிற தலைமை எழுத்தர் அம்மாகூட மணிக்கட்டில் ஆணி வைத்த தோல்பட்டை கட்டிக்கொண்டு வந்தார். அது கம்ப்யூட்டர் விசைப்பலகையில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை நின்றது.

முப்பத்தாறு பேர் நேராக இயக்குநரின் டிரைவரிடம் போய், காரில் எந்த ஆல்பம் ஓடுகிறது என்று கேட்டு வந்து அதையே எழுதிக் கொடுத்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் முப்பத்தாறு பேரும் எழுதியது: "ஒலி நன்றாகக் கேட்கிறது."

முப்பத்தேழாவது ஆள் முள்ளு.

ஆள் ஒல்லி. வேலை, அடித்தளத்து அறையில் உட்கார்ந்து பழைய இசைத்தட்டில் முள்ளை வைத்து ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் பதிவு செய்வது. அதனால் முள்ளு. நாற்பத்தாறு வயதாகியும் அந்தப் பேர் போகவில்லை. அவன் வேறு ஒரு ஆல்பத்தை எழுதினான். "ஈர ஒயர்" என்ற குழுவின் ஒரே ஆல்பம். டிரம்ஸ் அடித்தது அவனுடைய அக்கா.

அந்த ஆல்பத்தின் கதை இதுதான். ஒரு மத்தியானக் கச்சேரி. ஜன்னல் இல்லாத ஹால். ஆரம்பித்த ரெண்டாவது நிமிஷம் கரண்ட் போய்விட்டது. கிட்டார் செத்தது, மைக் செத்தது, விளக்கும் போனது. பதிவு செய்த மெஷின் மட்டும் பேட்டரியில் ஓடியது. இருட்டில் அக்கா நிறுத்தாமல் அடித்தாள். நானூறு பேர் காலால் தரையை உதைத்துக்கொண்டே பாட்டைப் பாடி முடித்தார்கள். பிறகு அடுத்த பாட்டு. முப்பத்தெட்டு நிமிஷம். அவ்வளவு நல்ல முப்பத்தெட்டு நிமிஷத்தை முள்ளு அந்த அடித்தளத்தில் வேறெதிலும் கேட்டதில்லை, கேட்டது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

நூறு தட்டு அச்சடித்தார்கள். கிடங்கில் தண்ணீர் புகுந்து தொண்ணூற்றெட்டு போனது. அக்காவிடம் இருந்ததை அவள் புருஷன் பிரிந்து போகும்போது எடுத்துப் போனார். அவர் ராக் கேட்கிறவர் இல்லை. வெறும் கோபம், போகிற வழியிலேயே உடைத்துவிட்டார். மிச்சம் ஒன்றே ஒன்று, காப்பகத்தில், நாலாவது அலமாரியில்.

வந்த பட்டியலிலிருந்து அரசின் அதிகாரபூர்வ விருப்ப ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்க வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு கூடியது. முதலில் இயக்குநருடைய ஆல்பம். முள்ளு முள்ளை வைத்தான். கிட்டார் ஏறி ஏறி உச்சிக்குப் போக, கூட்டம் ஹோ என்று கத்தியது. இயக்குநர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. யார் இது?"

"யார் சார்?"

"நடுவுல கத்தறது. கார்ல கேக்கும்போது ஹாரன் சத்தம்னு நெனச்சேன்."

"ஜனங்க சார். கச்சேரிக்கு வந்தவங்க."

"அட்டையில அவங்க பேர் இருக்கா?"

"இல்ல சார். ஒன்பதாயிரம் பேர்."

"பேர் இல்லாதவன் அரசாங்கத் தட்டுக்குள்ள என்ன பண்றான்?"

இத்தனை வருஷம் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தலைமை எழுத்தர் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். குறிப்பேட்டில் "அத்துமீறிய குரல்கள்" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மறுவாரமே ஒலி சுத்திகரிப்பு இயந்திரம் வந்து இறங்கியது. லைவ் ஆல்பத்தை அதற்குள் விட்டால் கைதட்டல், விசில், கூச்சல், தும்மல் எல்லாம் போய், இசை மட்டும் வெளியே வரும். உத்தரவு தெளிவாக இருந்தது: எல்லா லைவ் ஆல்பங்களையும் சுத்தம் செய்க, சுத்தம் செய்தபின் அசுத்தமான மூலத் தட்டை உருக்குக.

இருநூற்றுப் பதினோரு ஆல்பம் சுத்தமானது. அப்போது தலைமை எழுத்தர் அம்மா ஒன்றைக் கண்டுபிடித்தார். கூட்டத்தை எடுத்துவிட்டால் லைவ் ஆல்பமும், அதே குழு ஸ்டுடியோவில் பாடிய ஆல்பமும் ஒரே மாதிரி இருந்தன. ஒரே பொருள் ரெண்டு இருந்தால் ஒன்றைக் கழித்துவிட வேண்டும் என்று விதி. ஆக, லைவ் ஆல்பங்களைக் காப்பாற்றும் திட்டம் மூன்றே வாரத்தில் இருநூற்றுப் பதினோரு லைவ் ஆல்பங்களையும் வெற்றிகரமாக ஒழித்தது. இயக்குநருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அக்கா ஆல்பத்துக்கு ஸ்டுடியோ ஜோடி கிடையாது. அதனால் கழிக்க முடியாது. ஆனால் சுத்தம் செய்தே ஆகவேண்டும்.

அக்கா இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முள்ளு போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். முன்னால் ஸ்டியரிங்கை உயிர்போகப் பிடித்தபடி ஒரு பெண், நாலாவது நாள் வகுப்பு.

"அக்கா, உன் ரெக்கார்டைச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டாங்க."

"தொடைச்சுக் குடுத்துடு. தூசியா இருக்கும். நீங்க கண்ணாடியப் பாருங்கம்மா, என்னைப் பாக்காதீங்க."

"தூசி இல்லக்கா. ஜனங்களை எடுக்கணுமாம்."

அக்கா டாஷ்போர்டில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். எப்போதும் தட்டுவாள். அந்தத் தட்டல் நின்றது.

"அதுல ஜனங்களை எடுத்தா என்னடா மிச்சம்?"

"நீ இருப்ப. உன் பேர்தான் அட்டையில இருக்கே."

"டேய், நானும் அவங்களும் ஒண்ணாத்தான்டா அடிச்சோம். எது என் கை, எது அவங்க கால்னு எனக்கே தெரியாது. உன் மெஷினுக்குத் தெரியுமா? பிரேக்! பிரேக்கும்மா!"

வண்டி குலுங்கி நின்றது. அந்தப் பெண் அழுகிற குரலில், "நான் வேணா இறங்கிக்கட்டுமா?" என்றாள்.

"நீங்க இருங்க. இவன் இறங்குவான்." அக்கா திரும்பிப் பார்த்தாள். "அது ஒண்ணுதான்டா இருக்கு. நான் இருந்தேன்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. போய் ஏதாவது பண்ணு."

முள்ளு வீரன் இல்லை. வேலையை விட்டுவிட்டுத் தட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடுகிற ஆளும் இல்லை. அவன் செய்தது, விதிப்புத்தகத்தை எடுத்து மூன்று நாள் படித்தது. பதினாலாம் விதி கிடைத்தது: "அரசு உடைமையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எந்தப் பாகமும் ஏழு ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும்." நாற்காலிக் காலுக்காக எழுதின விதி. முள்ளு அதைக் கூச்சலுக்குப் பொருத்தினான்.

தட்டை இயந்திரத்தில் விட்டான். அது ஜனங்கள் பாடியதை எடுத்தது. விசிலை எடுத்தது. கால் உதைப்பை எடுத்தது. பிறகு டிரம்ஸையும் கால் உதைப்பு என்று நினைத்து எடுத்தது. மிஞ்சியது ரெண்டு நிமிஷம் இசை, முப்பத்தெட்டு நிமிஷம் ஒன்றுமே இல்லை. எடுத்ததையெல்லாம் முள்ளு ஒரு நாடாவில் சேர்த்து, "கழிவு ஒலி, பெட்டி எண் ஒன்பது" என்று எழுதி, உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் வைத்தான். மூலத் தட்டை அவன் கண் முன்னாலேயே உருக்கினார்கள்.

தேர்வுக் குழு கூடிச் சுத்தமான பிரதியைக் கேட்டது. ரெண்டு நிமிஷம் இசை. பிறகு நிசப்தம். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். இயந்திரம் கெட்டுப்போச்சா என்று கேட்க எல்லாருக்கும் நாக்கு நுனி வரை வந்தது. இயக்குநர் கண்ணை மூடியிருந்தார். அவர் தூங்குகிறாரா ரசிக்கிறாரா என்று தெரியாமல் யாரும் வாயைத் திறக்கவில்லை. நாற்பதாவது நிமிஷம் இயக்குநர் விழித்தார். சுற்றிலும் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"ஒரு தப்பு இருக்கா இதுல?" என்றார்.

"ஒண்ணுகூட இல்ல சார்."

"ஒரு ஆள் கத்தறானா?"

"மூச்சுக்கூட விடல சார்."

"இதுதான்யா லைவ் ஆல்பம்!"

அரசின் அதிகாரபூர்வ விருப்ப ஆல்பம் என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றும் இல்லாததற்குத் தலையாட்டியபடி பஸ்ஸில் பாதிப்பேர் போனார்கள். டிஷர்ட் வந்தது, வெறும் கறுப்பு, ஒன்றும் எழுதாதது. பதினேழாவது நிமிஷத்து நிசப்தத்தில் இருக்கும் ஆழம் பன்னிரண்டாவது நிமிஷத்தில் இல்லை என்று பத்திரிகையில் ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் மறுத்து எழுத, ரெண்டு கோஷ்டி ஆனது. கேட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கலையே" என்று சொன்ன ஒரு ஆளைப் பார்த்து எல்லாரும் பாவமாகச் சிரித்தார்கள்.

பாராட்டு விழா வைத்தார்கள். அக்காவுக்குச் சட்டம் போட்ட சான்றிதழ். ஹால் நிறையக் கறுப்பு டிஷர்ட். ஓரத்தில் ஒலிமேஜையில் முள்ளு. ஆல்பத்தை ஓடவிட்டார்கள். ரெண்டு நிமிஷம் போனது. பிறகு ஆயிரம் பேர் பக்தியாக உட்கார்ந்து ஒன்றும் இல்லாததைக் கேட்டார்கள்.

அக்கா அஞ்சு நிமிஷம் பொறுத்தாள். பிறகு மைக்கை எடுத்தாள்.

"டேய், நான் எங்கடா?"

மேடையில் இயக்குநர் சிரித்துச் சமாளித்தார். "மேடம், இதுதான் உங்க சாதனை..."

"நான் கேக்கறது இவர இல்ல. என் தம்பிய. அங்க உக்காந்திருக்கானே ஒல்லியா, அவன. நான் எங்கடா?"

ஆயிரம் தலை திரும்பியது. மேஜைக்கடியில் பெட்டி எண் ஒன்பது இருந்தது. எதற்குக் கொண்டுவந்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. நாடாவைப் போட்டான். ஒலியை முழுசாகத் திருகினான்.

டம், டம் என்று அக்கா வந்தாள். நானூறு பேர் அவளோடு வந்தார்கள். தரை அதிர்ந்தது. முதலில் பின்வரிசையில் ஒருத்தன் எழுந்தான், பிறகு ஒரு குடும்பமே எழுந்தது, பிறகு உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று தெரியவில்லை. தலைமை எழுத்தர் அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குதித்தார். மேடையில் இயக்குநர் நாற்காலி மேல் ஏறி, ரெண்டு விரலை வாயில் வைத்து, ஊரே கேட்க விசில் அடித்தார். அக்கா சான்றிதழைத் திருப்பிப் பிடித்து அதன் மேல் தாளம் போட்டாள்.

நல்லபடியாக முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மறுநாள் காலை பத்தரைக்குச் சுற்றறிக்கை வந்தது.

"கழிவு ஒலியே இனி அதிகாரபூர்வ விருப்ப ஆல்பம். எனினும் அட்டையில் பேர் இல்லாதவர்கள் தட்டில் இருக்கக்கூடாது என்ற விதி தொடர்கிறது. எனவே அதில் ஒலிக்கும் நானூறு பேரையும் அடையாளம் கண்டு, நுழைவுச்சீட்டு எண்ணோடு ஒப்புதல் பெற்று, பேர்களை அட்டையில் அச்சிட்ட பிறகு வெளியிடப்படும். இப்பணிக்குக் கூட்டக்குரல் அடையாள அலுவலராக..."

முள்ளுவைப் போட்டிருந்தார்கள். மாடியில் தனி அறை. சுழல் நாற்காலி. அக்கா பாட்டு வெளியே வர வேறு வழியில்லை என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினான். நன்றாகத்தான் இருந்தது.

நானூறு நாற்காலி இருந்த ஹாலில் "நானும் அன்னிக்கு இருந்தேன்" என்று மூவாயிரம் பேர் அவன் அறை வாசலில் வரிசை கட்டினார்கள். பாதிப்பேர் அந்த வருஷம் பிறந்தே இருக்கவில்லை. முள்ளு ஒவ்வொருத்தரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கத்தச் சொன்னான், உதைக்கச் சொன்னான். முதல் வாரம் "உக்காருங்க" என்றான். மூணாவது வாரம் "நில்லு" என்றான். எட்டு மாசத்தில் நானூறு பேரும் கிடைத்தார்கள். ஆனால் நாடாவில் இருந்தது நானூற்று ஒன்று. முப்பத்தோராவது நிமிஷம், நீளமாக ஒரு விசில். யாருடையதென்று தெரியவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். அவள் எதிரே உட்கார்ந்து, மேஜையில் விரலால் தட்டியபடி கேட்டாள். விசில் வந்ததும் வெடித்துச் சிரித்தாள்.

"டேய், அது நீடா! பரீட்சையில கோட்டை விட்டுட்டு வீட்டுக்குப் போகப் பயந்து, டாய்லெட் ஜன்னல் வழியாக் குதிச்சு உள்ள வந்தியே! நாற்காலி மேல நின்னு அடிச்ச. இருட்டுல எனக்குக் கண்ணு தெரியல, இந்த விசிலக் கேட்டுத்தான் என் தம்பி இருக்கான்னு விடாம அடிச்சேன்."

முள்ளு பேனாவைத் திறந்தான்.

"ஜன்னல் வழியா வந்தா சீட்டு இருக்காதே."

"இருக்காது."

"சீட்டு எண் இல்லாம ஃபாரம் நிக்காதுக்கா."

"அப்ப அந்த விசிலைக் கண்டுக்காம விட்டுடேன்."

"அதெப்படி விடறது? வேணும்னா மறுபடி இயந்திரத்துல போட்டுச் சுத்தம் பண்ணணும்."

அக்காவின் விரல் நின்றது. அவன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். சீட்டு இல்லாமல் நுழைந்து, அரசு ஒலியில் அனுமதியின்றி விசிலடித்த தாங்கள், இது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும், தவறினால் ஆல்பம் நிறுத்தி வைக்கப்படும். பெறுநர் இடத்தில் தன் பேரை எழுதினான். அனுப்புநர் இடத்திலும் எழுதினான். முத்திரை குத்தினான்.

அக்கா எழுந்து, கார் சாவியை எடுத்துக்கொண்டு, கதவு வரை போய் நின்றாள்.

"அந்த விசிலடிச்ச பையன எனக்கு ரொம்பப் பிடிக்கும்டா. இப்ப எங்க இருக்கான்?"

"தெரியலக்கா," என்றான் முள்ளு, கடிதத்தை மடித்துத் தன் தபால் தட்டிலேயே போட்டபடி. "ஏழு நாள் டைம் குடுத்திருக்கேன். பாக்கலாம்."