நான்கு சென்டிமீட்டர் பிஸ்கட்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை தூங்குவது என் பிறப்புரிமை என்று போன வாரம் அறிவித்தேன். என் மனைவி சண்டைக்கு வரவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"எனக்கும்தான் தூக்கம் வருது. ரெண்டு பேரும் படுத்துட்டா பிள்ளைங்களை யாருங்க பார்க்கிறது?"

"அதுக்கு?"

"ஒரு பந்தயம். வர்ற ஞாயிறு காலையில நான் அக்கா வீட்டுக்குப் போறேன். பிஸ்கட் செய்யலாம்னு ரெண்டும் ஒரு மாசமா உயிரை வாங்குதுங்க. நீங்க செஞ்சு கொடுங்க. நல்லா வந்தா ஞாயிறு மதியம் உங்களுக்கு. வரலைன்னா எனக்கு. ஆயுசு முழுக்க!"

"பிஸ்கட்தானே? போயிட்டு வா!"

நான் நில அளவையாளன். ஊரில் பாதி வேலிகள் என் அளவுநாடாவுக்குப் பயந்து நிற்கின்றன. மாவு எம்மாத்திரம்?

மூன்று கப் மைதா, ஒரு கப் வெண்ணெய், ஒரு கப் சர்க்கரை என்றது குறிப்பு. மைதாவை நான் காப்பி குடிக்கும் பெரிய கப்பில் அளந்தேன். வெண்ணெயை என் நாலு வயது மகன் பால் குடிக்கும் குட்டிக் கப்பில் அளந்தேன். அளப்பதுதான் என் வேலை. எதால் அளப்பது என்பதை இதுவரை அலுவலகம்தான் முடிவு செய்திருக்கிறது.

மாவு சேரவில்லை. தண்ணீர் ஊற்றினேன். சேர்ந்தது; பிறகு யார் பிரித்தாலும் பிரியவில்லை.

ஆறு வயது மகள் ஒரு யானை வெட்டினாள். மகன் ஒரு பஸ் வெட்டினான். நான் ஸ்கேலை வைத்து, பக்கத்துக்கு நான்கு சென்டிமீட்டராகப் பதினாறு சதுரங்கள் வெட்டினேன். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை.

ஓவனிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டேன். தட்டில் கீறல் விழுந்தது.

"அப்பா, இது டைல்ஸா?" என்றான் மகன்.

"ஒரு வாய் கடிச்சுப் பாரு கண்ணு."

"வேணாம்ப்பா. எனக்கு ஒரு பல்லுதான் ஆடுது" என்றாள் மகள்.

மணி பன்னிரண்டு. மனைவி ஒரு மணிக்கு வந்துவிடுவாள். என் தூக்கம் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. டைல்ஸைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் புதைத்தேன். பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தெருமுனை பேக்கரிக்கு ஓடினேன். வட்ட பிஸ்கட்டுகள் தட்டுக்கு. ஆளுக்கொரு சாக்லேட் அவர்கள் வாயை அடைக்க.

மனைவி வந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடி மென்றாள்.

"அட! வாயில வச்சதும் கரையுதுங்க. ஆமா, எல்லாம் வட்டமா இருக்கே?"

"சூட்டுல விரிஞ்சுடும். அது அறிவியல்."

"யானை செய்யணும்னாளே உங்க பொண்ணு?"

மகள் என்னைப் பார்த்தாள். "யானை சுருண்டு படுத்துக்கிச்சும்மா."

பெற்ற மகள் என்றால் இவளல்லவா!

"அப்படியா?" என்ற மனைவி போனை எடுத்துக் காதில் வைத்தாள். "டீச்சரா? வீட்டுக்காரர் பிரமாதமா பிஸ்கட் செஞ்சிருக்கார். வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர ஆள் தேடுறேன்னீங்களே? அனுப்புங்க. எத்தனை பேரு, முப்பத்திரண்டா? தாராளமா! ஒவ்வொரு ஞாயிறும் வரட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும்..."

முப்பத்திரண்டு பேர்! அறுபத்துநாலு மாவுக் கைகள்!

"வேணாம்! வச்சிடு! அது பேக்கரியில வாங்கினது. நான் செஞ்சது குப்பைக்கூடையில இருக்கு. உனக்குப் புண்ணியமாப் போகும், டீச்சர்கிட்ட வேணாம்னு சொல்லிடு!"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து என் பக்கம் திருப்பினாள். திரை இருட்டாக இருந்தது.

"அக்கா வீட்லயே சார்ஜ் போயிடுச்சுங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். படுக்கையறைக்குள் போய், நான் காலையிலேயே தட்டிப் போட்டிருந்த தலையணையில் சாய்ந்தாள்.

"அஞ்சு மணிக்கு எழுப்புங்க. காப்பியோட."