தீர்மானத்துக்குக் கட்டுப்பட்ட குன்று

இமயமலை பெரிய மலைதான். ஆனால் எந்தப் பஞ்சாயத்து போர்டின் தீர்மானத்துக்கும் அது கட்டுப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. அந்தப் பெருமை ஆம்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஆவாரங்குன்று ஒன்றுக்கே உரியது. 'மேற்படி குன்று சரியக்கூடியதல்ல' என்று 1952-ஆம் வருஷம் போர்டு ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. குன்றும் ஆட்சேபிக்கவில்லை.

தீர்மானத்தை எழுதியவர் போர்டு கிளார்க் பரந்தாமன். எழுதச் சொன்னவர் பிரசிடெண்டு செங்கல்வராயன். பொதுச்சேவை போக மிச்ச நேரத்தில் பிரசிடெண்டுக்கு ஒரு பட்டை மண்டி உண்டு. தோல்ஷாப்புகளுக்கெல்லாம் பதனிட ஆவாரம்பட்டை அங்கிருந்துதான் போகும். குன்று முழுக்க ஆவாரஞ்செடி. கிளையை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். துளிர்க்கும்வரை காத்திருக்க மண்டிக்குத்தான் பொறுமை இல்லை. நல்லவேளையாக நாடெங்கும் வனமகோத்சவம் வந்தது. மரம் நடக் குழி வேண்டும், குழி தோண்டச் செடியை வேரோடு எடுக்க வேண்டும் என்று பிரசிடெண்டு விளக்கினார். போர்டு 'சரி' என்றது. செடிகள் மண்டிக்குப் போயின, குழிகள் குன்றில் தங்கின. நட வேண்டிய கன்றுகள் மட்டும் 'பரிசீலனையில்' இருந்தன.

மழை வந்ததும் குழிகளெல்லாம் குட்டைகளாயின. வீட்டுக் கொல்லையில் மண் சரிந்து விழுகிறது என்று அடிவாரத்து ஜனங்கள் மனுக் கொடுத்தார்கள். அதைத் தடுப்பதற்காகத்தான் மேற்படி தீர்மானம்.

பரந்தாமன் வீடும் அதே அடிவாரத்தில்தான் இருந்தது. பின்சுவரில் விரிசல். அவர் மனைவி கமலவேணி முதல் வாரம் அதில் விரலை விட்டுப் பார்த்தாள், அடுத்த வாரம் கையையே விட்டுப் பார்த்தாள். பள்ளிகொண்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். பரந்தாமன் பிரசிடெண்டு முன்னால் போய்த் தலையைச் சொறிந்தார்.

"தீர்மானம் எழுதனவனே காலி பண்ணிக்கினு போய்ட்டான்னா ஊரு இன்னா பேசும்?" என்றார் செங்கல்வராயன். "நீ அங்க குடியிருக்கிறதுதான்யா குன்றுக்கே முட்டு."

அன்றிலிருந்து பரந்தாமன் வெறும் கிளார்க் அல்ல, தடுப்புச் சுவர். போர்டுக்கு சிமெண்டு மிச்சம்.

கமலவேணிக்கு இந்தப் பதவி உயர்வு பிடிக்கவில்லை. "முட்டு குடுக்கணும்னா நீங்க குடுங்க. பசங்க எதுக்கு?" என்றாள்.

பரந்தாமன் புத்திசாலி. பாம்பும் சாகாமல், தடியும் நோகாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். மனைவியையும் பிள்ளைகளையும் ஓசைப்படாமல் பள்ளிகொண்டாவுக்கு ரயிலேற்றிவிட்டு, தாம் போர்டு ஆபீஸ் பெஞ்சில் படுத்துக்கொண்டார். உத்தியோக தர்மத்தை மட்டும் விடவில்லை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போய், முன்னறையில் லாந்தர் ஏற்றி, வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கமாக வெளியேறினார். கிளார்க் வீட்டில் விளக்கு எரிவதை ஊர் பார்த்தது. குன்று பத்திரம் என்று நிம்மதியாகத் தூங்கியது.

பக்கத்து வீட்டு மரியம்மாள் தோல்ஷாப்பில் கூலிவேலை செய்யும் தனிக்கட்டை. ஐப்பசி மழை வலுத்ததும் துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். கிளம்புமுன் படித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்று லாந்தர் ஏற்ற வந்த பரந்தாமனை நிறுத்தினாள்.

"மழை ஜாஸ்தியா இருக்குது ஐயா. மாதா கோவில்ல போய்ப் படுத்துக்கட்டுமா?"

"எதுக்கு பேஜாரு மரியம்மா? நான் இல்லையா?"

இலக்கணப்படி பார்த்தால் பரந்தாமன் பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். மரியம்மாள் உள்ளே போய் மூட்டையை அவிழ்த்தாள்.

அடுத்த நாள் விடியற்காலை குன்றும் தன் அபிப்பிராயத்தைச் சொன்னது. போர்டில் எல்லோரும் சொல்கிற 'சரி'யைத்தான் அதுவும் சொன்னது. சரிந்தது.

சேதி கேட்டுப் பரந்தாமன் ஓடினார். அடிவாரத்தில் வீடுகள் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. தோல்ஷாப்பு ஆட்கள் மண்வெட்டியோடு அவர் வீட்டு மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பிரசிடெண்டு குடை பிடித்தபடி, கடமைக்காக உயிர்விட்ட கிளார்க்கைப் பற்றித் தழுதழுத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் புகழுரைக்கு நடுவே உயிரோடு போய் நிற்பது மரியாதையாகாது என்று பரந்தாமனுக்குத் தோன்றியது. இரவு எங்கே இருந்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயமும் இருந்தது. கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றார். பேச்சு முடிகிற வழியாக இல்லை.  கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"இங்க யாரும் இல்லப்பா. மரியம்மா வீட்டத் தோண்டுங்க."

தோண்டியவர்களில் ஒருவனான அமீர் பாஷா முழங்கால் சேற்றில் நின்றபடி நிமிர்ந்து, அவருடைய சேறு படாத சட்டையை மேலும் கீழும் பார்த்தான். மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"அந்தம்மா கொரல் இப்பதான் சார் நின்னுது. உங்க வீட்ல பசங்க இருக்குதுங்களேன்னு இங்கயே தோண்டிக்கினு இருந்தோம்."