பகல் வெயிலில் ராணி வேஷம்

வேலணையில் கடவுள் கொடுத்த முகத்தோடு எவரையும் மேடையேற விடுவதில்லை என்று பிடிவாதம் பிடித்த ஒரே மனிதர், வேஷம் பூசுகிற முத்துவெள்ளையர்தான். நாடகக்காரரின் முகத்தில் பூசும் வெள்ளைத் தூளுக்கு முத்துவெள்ளை என்று பெயர். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஒருமுறை ஊர்த் தலைமைக்காரரான விதானையார் நன்றியுரை சொல்ல மேடைப்படியில் கால் வைத்தார். முத்துவெள்ளையர் அவரைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்திப் பூசத் தொடங்கினார்.

“நான் நடிக்க வரேல்லை, ஐசே!”

“மேடையிலை ஏறுறியளோ இல்லையோ? அப்ப வாயை மூடுங்கோ. மீசை கோணப்போகுது.”

விதானையார் சிவந்த கன்னமும் அரச மீசையுமாக நன்றி சொன்னார். அவருக்கு அவ்வளவு கைதட்டல் அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

பூசி முடிந்ததும் முத்துவெள்ளையர் சனத்துக்குப் பின்னால், கச்சான் கடலை விற்கிறவளுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். “மூக்குத் தெரியேல்லை! இன்னும் கறுப்புப் போடவேணும்!” என்று அங்கிருந்தே கத்துவார். பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் கடைசி ஆளுக்கும் மூக்குத் தெரியவேண்டும் என்பது அவருடைய சட்டம்.

அந்த நாடகங்களில் ராணி நான். கடையில் சீனி கேட்கக்கூட வெட்கப்பட்டு, மற்றவர்கள் போகும்வரை ஒதுங்கி நிற்கிற ஆள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கப் பயந்தே அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆனால் முகத்தில் முத்துவெள்ளை ஏறிவிட்டால் அரசனையே அதட்டுவேன். அது நானில்லையே!

எண்பத்தாறு வாக்கில் சண்டையால் நிலைமை கெட்டது. பொழுதுபட்டால் ஒருவரும் வெளியே வருவதில்லை. கோயில் நாடகத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு மாற்றினார்கள். நான் முத்துவெள்ளையரிடம் போனேன்.

“நான் ஏறமாட்டன், அண்ணை. பகல் வெளிச்சத்திலை எல்லாருக்கும் என்னைத் தெரியும்.”

“பகலுக்கும் பூசலாம், ராசா.”

“அம்மாவுக்கே தெரியாமப் பூசுவியளோ?”

“கொம்மாவே மட்டுக்கட்ட ஏலாமப் பூசாட்டி, இந்தப் பூச்சுப் பெட்டியைக் கடலிலை எறிஞ்சுபோட்டு மாடு மேய்க்கப் போறன்!”

ராணிக்கு வேறு ஆளில்லை. நான் ஏறாவிட்டால் நாடகமும் இல்லை, அவருடைய பெட்டியும் இல்லை.

அன்றிலிருந்து அவர் தன் முகத்திலேயே பூசிப் பார்க்கத் தொடங்கினார். ஒரு கன்னத்தில் எண்ணெயில் குழைத்த பூச்சு, மறு கன்னத்தில் தண்ணீரில் குழைத்த பூச்சு, நெற்றியில் பெரிய பொட்டு. இந்தக் கோலத்தில் மத்தியான வெயிலில் பஸ் ஏறினார்.

“மகாராணி, எங்கை இறக்கம்?” என்றார் கொண்டக்டர்.

“மண்கும்பான். இடப்பக்கமா நிண்டு கதையும். வலப்பக்கம் வழியுது.”

மண்கும்பான் கடற்கரை வெயிலில் குந்தியிருந்து, எந்தப் பூச்சு நிற்கிறதென்று பார்த்துவிட்டுத் திரும்புவார். நாய்கள் ஒழுங்கையின் கடைசி வீடுவரை குரைத்துக்கொண்டு பின்னால் வரும். அடுத்த நாள் வேறு விதமாகக் குழைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறுவார்.

நாடக நாள் வந்தது. எனக்குப் பூசி, சேலையைச் சரிசெய்துவிட்டு, கையைத் துடைத்தார்.

“கொம்மா கிணத்தடியிலை நிக்கிறா. போய்த் தண்ணி கேள்.”

சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். “அக்கா, குடிக்கத் தண்ணி தருவியளோ?”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆர் பிள்ளை நீர்? புங்குடுதீவுப் பக்கமோ?”

திரும்பி ஓடினேன். அன்றைக்கு நான் போட்ட அதட்டலில் அரசன் தன் வசனத்தை மறந்து, “சரி, நீர் சொல்லுறது சரிதான்” என்று கதிரையில் இருந்துவிட்டான். நாலு மணி வெயிலில் ஊரே கைதட்டியது.

கனகாலம் கழித்து, இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, அம்மாவிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். “அண்டைக்கு உங்களுக்கே என்னைத் தெரியேல்லை, என்ன?”

அம்மா சிரித்தார். “பெத்தவளுக்குத் தெரியாதோடா? நாடகத்துக்கு முதல்நாளே அந்த மனுசன் வந்து வாசல் படலையடியிலை நிண்டது. ‘அக்கா, என்ரை பூச்சு பகலிலை எடுபடேல்லை. பொடியன் வந்து தண்ணி கேட்டால் தெரியாத மாதிரி இருங்கோ. அவன் மேடையிலை ஏறவேணும்’ எண்டு. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினது.”

விதானையாரிடம்கூடத் தோற்காத மனிதர், எனக்காக எங்கள் படலையடியில் வந்து தோற்றுவிட்டுப் போயிருக்கிறார்.