மஞ்சள் ஆட்சியில் சிவப்புப் பூ

வெராக்ரூஸ் மலையடிவாரத்துச் சான் ரெமிஹியோ நகராட்சி, ஊர்ச் சதுக்கத்துக்கு ரீங்காரச்சிட்டுகள் வர வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. சிட்டுகளிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. பக்கத்து ஊருக்கு அவை வந்துவிட்டன. ஜனங்கள் போய் நின்று படமெடுத்துப் போடுகிறார்கள். ஆகவே, பொதுநலன் கருதி இங்கும் வர வேண்டியதாயிற்று.

பொறுப்பு, பூங்காத் துறையில் ஒன்பது வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கும் எதெல்வினாவின் தலையில் விழுந்தது.

"திறப்பு விழா அன்னிக்கு ஒரு சிட்டாவது வந்துடணும், இஞ்சினியரம்மா. வந்துட்டா உங்க வேலை நிரந்தரம்," என்றார் நகரத் தலைவர் தோன் ஹெலாசியோ.

சதுக்கத்து லாரல் மரங்கள் வெயிலைத் தரையில் இறங்க விட்டு வெகுகாலமாகிறது. அந்த நிழலிலும் பூக்கும் என்று எதெல்வினா மிளகாய்ச் செம்பருத்தியை நட்டாள். இலைமக்கு போட்டாள். நுனி கிள்ளிக் கிள்ளிப் புதராக்கினாள். மழை ஓயுமுன் செடிகள் இடுப்புயரம் வளர்ந்து, இருட்டறையில் விளக்கேற்றினாற்போல் பூத்துவிட்டன.

தலைவர் பார்வையிட வந்தார்.

"பூ ஏன் விரியல?"

"இது விரியாத ஜாதி, தலைவரே. சுருண்டேதான் இருக்கும்."

"நம்ம மனு வாங்குற ஜன்னல் மாதிரி. அது பரவால்ல. ஏன் செவப்பா இருக்கு?"

எதெல்வினா சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சு, குப்பைத்தொட்டி, நடைபாதை ஓரம், பொதுக் கழிப்பறைக் கதவு, எல்லாம் ஆளுங்கட்சி மஞ்சள். சிவப்பு எதிர்க்கட்சியுடையது.

"சிட்டுக்குச் செவப்புதான் பிடிக்கும், தலைவரே."

"அப்ப அது அவங்க ஆளு. நம்ம பணத்துல அவங்க ஆளுக்கு விருந்தா?"

"பறவைக்கு ஏது தலைவரே கட்சி?"

"கட்சி இல்லாதவன் ஒரே கலர் வீட்டுக்கே ஏன் போறான்? சொல்லுங்க!"

இதற்கான பதில் வேளாண் கல்லூரியில் சொல்லித்தரப்படவில்லை. மறுநாள் பெயிண்டர்கள் வந்து, ஒவ்வொரு பூவுக்கும் மஞ்சள் அடித்தார்கள். தேன் தேடி வந்த இரண்டு பட்டாம்பூச்சிகள் ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டன. அவை 'நிரந்தர வருகையாளர்கள்' என்று அறிக்கையில் சேர்க்கப்பட்டன. அந்தச் சொல்லை எதெல்வினா சற்றுப் பொறாமையுடன் படித்தாள்.

விழா நாளில் வாத்தியக் கோஷ்டி முழங்க, தலைவர் மஞ்சள் ரிப்பனை வெட்டப்போன நேரம், ஒரு சிட்டு வந்தேவிட்டது. சிட்டு மஞ்சள் பூக்களை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, சதுக்கத்தில் மிச்சமிருந்த ஒரே சிவப்பை நோக்கிப் பறந்தது. அது எதிர்க்கட்சித் தலைவர், பன்றிக்கறிக் கடை தோன் ஃபிலெமோனின் தொப்பி. அதன் முன்னால் அந்தரத்தில் நின்று, கும்பிடுவதுபோல் அலகை ஆட்டியது.

ஊரே சிலுவைக் குறி போட்டுக்கொண்டது.

"பாத்தியாடி? மனுஷன் பொய் சொல்லுவான், பறவை சொல்லுமா?" என்றாள் சோளமாவுத் தமாலே விற்பவள்.

அடுத்து வந்த தேர்தலில் ஃபிலெமோன் ஜெயித்தார். செடிகள் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்க வேண்டும் என்பது அவரது முதல் உத்தரவு. எதெல்வினா ஓடினாள்.

"தலைவரே, உங்க கட்சிக் கலர் பூ! அந்தச் சிட்டுதானே உங்கள ஜெயிக்க வெச்சது?"

"அதனாலதான் தாயே சொல்றேன். அடுத்த தடவை அது யார் தலைக்குப் போகும்னு யார் கண்டா?" தோன் ஃபிலெமோன் குரலைத் தாழ்த்தினார். "அதோட குணம் உங்களுக்குத்தான் தெரியும். இனிமே அது இந்தப் பக்கமே வரக்கூடாது. அதுக்கு நிரந்தரமா ஒரு ஆள் வேணும்."

சதுக்கத்தில், தலைவரின் தொப்பி நீங்கலாக, சிவப்பு தடைசெய்யப்பட்டது. தக்காளிக்காரிகள் கூடையைச் சாக்கால் மூடினார்கள். ஊர் இரண்டு நாள் முணுமுணுத்தது; பக்கத்து ஊரில் இப்படியொரு தடை உண்டா என்று மூன்றாம் நாள் பெருமைப்பட்டது.

பறவைத் தடுப்பு இஞ்சினியராக நிரந்தர ஆணை பெற்ற எதெல்வினா, முதல் நாள் காலை கண்ணாடி முன் நின்றாள். உதட்டுச் சாயத்தை நன்றாகத் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.